பழைய லீஃப் காரை சிசிஎஸ் சார்ஜரில் இணைப்பது எப்படி?

2010-இன் இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மின்கார், விரைவு சார்ஜிங்குக்கு ஜப்பானின் சாடெமோ முறையையே நம்பியிருந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புதிதாகத் திறக்கும் நிலையங்கள் பலவற்றில் இப்போது சாடெமோ கேபிளே கிடையாது, சிசிஎஸ் என்ற வேறொரு விரைவு சார்ஜிங் முறையின் கேபிள்தான் இருக்கும். அங்கேதான் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் தேவைப்படுகிறது.

வாங்கும் முன்

காரின் முகப்பில் உள்ள மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு துளைகளில் பெரியது சாடெமோ. சிறியது மட்டும் இருந்தால் (சில விலை குறைந்த லீஃப்களில் அப்படித்தான்) பணத்தை வீணாக்க வேண்டாம். அடுத்து, உங்கள் நாட்டு சார்ஜர் எந்த வகை என்று பாருங்கள்: ஐரோப்பாவில் சிசிஎஸ் 2, வட அமெரிக்காவில் சிசிஎஸ் 1. ஒன்றுக்கானது மற்றொன்றில் பொருந்தாது.

சிசிஎஸ் சார்ஜரும் சாடெமோ காரும் பேசும் மொழிகள் வேறு. அடாப்டர் இடையில் நிற்கும் துபாஷி. அதற்குள் மின்னணுப் பலகையும் மென்பொருளும், பல மாடல்களில் சிறு பேட்டரியும் இருக்கின்றன. ஆகவே பெட்டியில் எத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைவிட, மென்பொருள் புதுப்பிப்பு தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். 24 கிலோவாட்-மணி லீஃப் எப்படியும் ஏறக்குறைய 50 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது.

இணைத்தல்

1. அடாப்டரில் பேட்டரி இருந்தால் அதை வீட்டிலேயே ஏற்றி வையுங்கள். அது தீர்ந்திருந்தால் நிலையத்தில் எதுவும் நடக்காது.

2. காரை அணைத்துவிட்டு, அடாப்டரைக் காரில் 'க்ளிக்' ஓசை வரும்வரை அழுத்துங்கள்.

3. சிசிஎஸ் கேபிளை அடாப்டரில் செருகுங்கள். இரண்டின் எடையும் சேர்ந்து துளையில் தொங்கும். கேபிளுக்குச் சற்றுத் தளர்வு கொடுங்கள்.

4. அடாப்டரை இயக்கி, பிறகு செயலியிலோ அட்டையிலோ சார்ஜைத் தொடங்குங்கள். இந்த வரிசை மாடலுக்கு மாடல் மாறும். கையேடு சொல்வதே இறுதி.

முதல் முயற்சி தோற்றால் எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி தொடங்குங்கள். இரண்டாவதும் தோற்றால் பக்கத்து சார்ஜரில் முயலுங்கள்.

கழற்றுதல்

ஆபத்து இங்கேதான். சிசிஎஸ் 2 முறையில் பிளக்கைப் பூட்டுவது காரின் வேலை. அடாப்டர் நடுவே வந்தபின் அந்தப் பொறுப்பு அடாப்டருடையது. பூட்டே இல்லாத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள்: ஏறக்குறைய 400 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும்போது பிளக் வெளியே வந்தால் தீப்பொறி வில்லாகப் பாயும். முதலில் சார்ஜர் திரையில் நிறுத்துங்கள். மின்னோட்டம் சுழியமாகி, பூட்டு விடுபடும்வரை காத்திருங்கள். பிறகு கேபிள், கடைசியாக அடாப்டர். பூட்டு விடவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். அவசரத் திறப்பு எங்கே என்று கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பழைய லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. நெடும் பயணத்தில் அடுத்தடுத்து விரைவு சார்ஜ் செய்தால் சூடேறும். வெப்பமானி சிவப்பை நெருங்கினால் அடுத்த நிறுத்தத்தைத் தள்ளிப்போடுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் சரிந்துவிடும். நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் நிலையமென்றால் அங்கேயே கிளம்பிவிடுவது லாபம்.