300 பிளான், வருவதோ 94: கோளாறு பெரும்பாலும் லேன் வயரின் முனையில்

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் வீடுகளுக்கு லேன் வயர், அதாவது ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் நெட் வயர், இழுத்துக் கொடுப்பது என் தொழில். போன் வந்தால் அடிக்கடி கேட்கும் புகார் இது: "அண்ணே, 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தேன், 94க்கு மேல ஏறவே மாட்டேங்கு."

94 என்று காதில் விழுந்தாலே, நெட் கம்பெனிக்காரனைத் திட்டாதீங்க, முதல்ல வயரைப் பாருங்க என்பேன். வயருக்குள் நாலு ஜோடி கம்பி இருக்கு. ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓட நாலும் வேணும். 100 எம்பிபிஎஸ் ஓட, முனைக் கனெக்டரின் 1, 2, 3, 6 பின்களில் வரும் இரண்டு ஜோடியே போதும். மற்ற ஜோடியில் ஒன்று விட்டுப்போனால் லிங்க், அதாவது இரு முனைக்கும் நடுவிலுள்ள இணைப்பு, பல நேரம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் நிற்காது, வேகம் மட்டும் 94, 95ல் முட்டி நிற்கும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு தெரியும். 100/100 என்று இருந்தால், நல்ல சின்ன வயர் ஒன்றை எடுத்து லேப்டாப்பை நேரே ரவுட்டரில் சொருகுங்கள். 1000 வந்துவிட்டால் குற்றவாளி சுவருக்குள் போகும் வயர்தான். வராவிட்டால் ரவுட்டரின் போர்ட்டே 100 தானா என்று பாருங்கள். விலை குறைந்த பெட்டிகளில் இன்னும் அப்படி வருது.

சுவர் வயர் என்று தெரிந்ததும் நான் பார்ப்பது முனையைத்தான். நம்ம கடற்கரையில் உப்புக்காத்து எதையும் விட்டுவைக்காது. கனெக்டரின் எட்டுத் தகடுகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். துடைத்துச் சொருகினால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் பழைய கதைதான். நறுக்கிவிட்டுப் புதுசு போடுங்கள். உள்ளே கம்பி கறுத்திருந்தால், பளபளவென்று செம்பு தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போகணும்.

புதுசு அடிக்கும்போது நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடிக்கு நடுவில் நீல ஜோடி உட்காருவதைக் கவனியுங்கள். ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டால் வயரைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும், ஆனால் வயரில் ஓடும் டேட்டா பாக்கெட் தொலைந்துகொண்டே இருக்கும். டெஸ்டரை மட்டும் நம்பி இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீங்க.

கம்பியைக் கத்தியால் சுரண்டும்போது வெள்ளையாகத் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியம். அதுக்கு வைத்தியம் கிடையாது, வயரையே மாற்றணும். நல்ல செம்பில் கேட் 5இ ரக வயர் போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும், 2.5 ஜிகாபிட்டும் ஓடும். கேட் 8 வேணும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

தென்னையில் கட்டி அடுத்த வீட்டுக்கு இழுத்த வயர் தனி ரகம். வெயிலில் உறை வெடிக்கும், அணில் கடிக்கும், ஐப்பசி இடிக்கு இரண்டு பக்கப் போர்ட்டும் சேர்ந்தே போகும். அங்கே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபரை லேன் வயரோடு இணைக்கும் பெட்டி, வையுங்கள். ஃபைபரைத் தாங்கும் இரும்புக் கம்பியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்திவிடணும்.