ஏழு சாமுராய்களையும் ஏழு துப்பாக்கிக்காரர்களையும் ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 1954இல் வந்தது. அதை மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோய் ஜான் ஸ்டர்ஜஸ் எடுத்த 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' 1960இல் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒற்றுமைதான். கொள்ளையர் தொல்லை தாங்காத ஒரு கிராமம் ஆயுதம் தாங்கிய ஏழு பேரைக் கூட்டி வருகிறது. சண்டை ஓயும்போது நால்வர் மண்ணுக்குள் போய்விடுகிறார்கள். மிஞ்சிய மூவரில் மூத்தவர், ஜெயித்தது விவசாயிகள், நாம் இல்லை என்கிறார். கதையின் எலும்பு அப்படியே இருப்பதால் உள்ளே ஓடும் ரத்தமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான், ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் சில தவறுகள் பிடிபட்டன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தவறு, சாமுராயும் துப்பாக்கிக்காரனும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. துப்பாக்கி சுடுவது ஒரு தொழில். கை வேகமாக இருந்தால் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் இடுப்புப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாம். சாமுராய் என்பது சமூகத்தில் ஒரு படிநிலை. எஜமானனை இழந்து, சோற்றுக்கு வழியில்லாமல் தெருத் தெருவாக அலைந்தாலும் அவன் சாமுராய்தான். அவனுக்கு எதிரே விவசாயி நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட வேண்டும். குரோசாவாவின் படத்தில் விவசாயிகள் ஆள் தேடி ஊருக்குள் வரும்போது அவர்களுடைய பயம் வெறும் கூச்சம் இல்லை. தங்களை மிதிக்கிற ஒரு வர்க்கத்திடமே உதவி கேட்கப் போகிறார்கள். அந்தக் கொள்ளையரைப் படம் 'நொபுஷி' என்று சொல்கிறது. எஜமானன் இல்லாமல் காட்டில் திரியும் போர்வீரர்கள் என்று பொருள். கிராமத்தைக் காக்க வருபவனும் கொள்ளையடிக்க வருபவனும் ஒரே ஆலமரத்திலிருந்து விழுந்த விதைகள். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் மீதி எல்லாமே தப்பாகப் போகும்.

சோற்றுக் கிண்ணக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சத்திரத்தில் தங்கியிருக்கும் விவசாயிகள் கொடுக்க வைத்திருப்பது அரிசிச் சோறு மட்டும்தான். ஒரு கட்டத்தில் அதையும் யாரோ திருடிவிட, ஒருவர் தரையில் சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். பின்னால் ஏழு பேருக்கும் தலைவராகும் கம்பெய் முதலில் மறுத்துவிடுகிறார். அப்போது அதே சத்திரத்தில் இருக்கும் ஒரு கூலியாள் சோற்றுக் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்துகிறான்: இது உங்களுக்கு, இந்த ஆட்கள் தின்பது என்னவென்று தெரியுமா? அவர்கள் தின்பது குதிரைவாலி போன்ற சிறுதானியம். அரிசியை விளைவிக்கிறவனுக்கு அரிசி இல்லை. கம்பெய் கிண்ணத்தைக் கையில் வாங்கி, இந்தச் சோற்றை நான் வீணாக்க மாட்டேன் என்கிறார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மறுஆக்கத்தில் இதே இடத்துக்கு வேறொரு நல்ல வசனம் இருக்கிறது. கிராமத்தார் தங்களிடம் உள்ள அத்தனையையும் விற்றுப் பணம் தருவதாகச் சொல்ல, யுல் பிரின்னர் நடித்த கிறிஸ், என் வேலைக்கு நிறையத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் தருவதாக யாரும் சொன்னதில்லை என்பார். அருமையான வரி. ஆனால் அது கூலி பேசும் வரி. ஆறு வாரத்துக்கு ஆளுக்கு 20 டாலர். இங்கே ஒருவருக்கொருவர் சமமாக நின்று பேரம் பேசுகிறார்கள். அங்கே சமம் இல்லாத இரண்டு பேருக்கு நடுவே ஒரு கிண்ணம் கைமாறுகிறது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, ஏழு பேருக்கு ஏழு பேர் என்று கோடு போட்டுப் பொருத்துவது. சிலருக்கு அது சரியாகத்தான் வரும். வாளில் ஒப்பற்ற கியூசோவுக்கு நேராகக் கத்தி வீசும் பிரிட், அதாவது ஜேம்ஸ் கோபர்ன். தலைவர் கம்பெய்க்கு நேராக கிறிஸ். ஆனால் தோஷிரோ மிஃபுனே நடித்த கிகுச்சியோவுக்கு நேராக யாரை வைப்பது? ஸ்டர்ஜஸின் திரைக்கதை அவனையும் இளம் சீடன் கட்சுஷிரோவையும் சேர்த்து சிக்கோ என்ற ஒரே இளைஞனாக்கிவிட்டது. ஹோர்ஸ்ட் புக்கோல்ஸ் அதில் நடித்தார். அந்தச் சேர்க்கையில் என்ன போயிற்று என்று கேட்பதுதான் சரியான ஒப்பீடு.

போனது இதுதான். ஒருநாள் கிகுச்சியோ கிராமத்து வீடுகளில் ஒளித்து வைத்திருந்த போர்க்கவசங்களையும் ஈட்டிகளையும் அள்ளிக்கொண்டு குதூகலமாக வருகிறான். மற்ற சாமுராய்களின் முகம் இறுகிவிடுகிறது. தோற்று ஓடிவந்த சாமுராய்களை விவசாயிகள் கொன்று பறித்த பொருட்கள் அவை. அமைதியே உருவான கியூசோ, இந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் வெட்டிப்போடத் தோன்றுகிறது என்கிறான். அப்போது கிகுச்சியோ வெடிக்கிறான். விவசாயி என்றால் புனிதர் என்று நினைத்தீர்களா? கஞ்சன், நரி, பொய்யன், கொலைகாரன். ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது யார்? நீங்கள்தான், சாமுராய்கள்தான். ஊரைக் கொளுத்துகிறீர்கள், விளைச்சலைப் பிடுங்குகிறீர்கள், பெண்களைத் தூக்குகிறீர்கள், எதிர்த்தால் கொல்கிறீர்கள். சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசியில் உடைந்து அழுகிறான். கம்பெய் கலங்கிய கண்ணோடு, நீ விவசாயி வீட்டுப் பிள்ளைதானே என்று மட்டும் கேட்கிறார்.

சிக்கோவும் கிறிஸிடம் இதே மாதிரிப் பேசுகிறான். எங்களை இப்படி ஆக்கியது துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான், உங்களைப் போன்றவர்கள், இப்போது நானும், என்பது அவன் பேச்சு. கருத்து வந்து சேர்ந்துவிட்டது. கவசம் வரவில்லை. செத்தவன் உடம்பிலிருந்து கழற்றிய அந்த இரும்பைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்கும்போது அந்தக் கோபம் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் எரியும் ஆலைக்கு முன்னால், செத்துக்கொண்டிருக்கும் தாயின் கையிலிருந்து குழந்தையை வாங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, இது நான்தான், எனக்கும் இதேதான் நடந்தது என்று கிகுச்சியோ கதறும் காட்சி. அதற்கு இணை மறுஆக்கத்தில் தேடாதீர்கள், கிடைக்காது.

இதோடு ஒட்டிய சின்னத் தவறு ஒன்று. சாமுராய் என்பது என்றைக்குமே மாறாத பிறவிக் கோடு என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். தானும் சாமுராய்தான் என்று காட்ட கிகுச்சியோ எங்கிருந்தோ கொண்டுவந்த வம்சாவளிச் சுருளின்படி அவன் தென்ஷோ 2ஆம் ஆண்டு, அதாவது 1574இல் பிறந்தவன். உனக்குப் பதின்மூன்று வயதா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆக, கதை நடப்பது 1586 வாக்கில். அப்போது ஜப்பானின் அதிகாரத்தைப் பிடித்திருந்த தொயொதொமி ஹிதெயோஷியே எளிய குடியில் பிறந்து வாளால் மேலேறியவர். அவர்தான் 1588இல் விவசாயிகளின் வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டு அந்தக் கதவைச் சாத்தினார். கிகுச்சியோவின் ஆசை பைத்தியக்காரத்தனம் இல்லை. இரண்டு வருடத்தில் மூடப்போகும் கதவை அவன் தட்டிக்கொண்டிருக்கிறான்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். வாளுக்குப் பதில் துப்பாக்கி, அவ்வளவுதானே மாற்றம் என்று சொல்பவர்கள் முதல் படத்தில் யார் எதனால் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஹெய்ஹாச்சி, கொரோபெய், கியூசோ, கிகுச்சியோ. நால்வருமே குண்டுபட்டுத்தான் சாகிறார்கள். ஒருவர்கூட வாள் சண்டையில் தோற்கவில்லை. கொள்ளையரிடம் இருப்பதே மூன்று துப்பாக்கிகள். 1543இல் போர்த்துகீசியர் வழியாக தனெகஷிமா தீவில் இறங்கிய அந்த ஆயுதம், ஆயுள் முழுக்கப் பழகிய வித்தையை ஒரு நொடியில் அர்த்தமில்லாமல் ஆக்குகிறது. கியூசோ விழும்போது குண்டு வந்த திசையை நோக்கி வாளை வீசி எறிகிறான். வாள் சேற்றில் போய் விழுகிறது. ஒரு காலமே அங்கே முடிந்துபோகிறது. மறுஆக்கத்தில் எல்லோர் கையிலும் துப்பாக்கி இருப்பதால் இந்தச் சோகத்துக்கு இடமே இல்லை. அங்கே தொழில் நசிவதற்குக் காரணம் வேறு. ஊர்களில் சட்டம் வந்துவிட்டது, கூலிக்குச் சுடுபவனுக்கு வேலை இல்லை. அதனால்தான் துப்பாக்கி வாங்க வந்த கிராமத்தாரிடம், இப்போது துப்பாக்கியைவிட ஆட்கள் மலிவு என்கிறான் கிறிஸ்.

இந்த இடத்தில் ஒரு பின்னணியும் தெரிந்திருக்க வேண்டும். மறுஆக்கம் மெக்சிகோவில் படமாக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே எடுக்கப்பட்ட ஒரு ஹாலிவுட் படம் மெக்சிகர்களைக் காட்டிய விதத்தில் அந்நாட்டில் கோபம் இருந்ததால், இந்தப் படப்பிடிப்புக்குத் தணிக்கை அதிகாரி ஒருவர் கூடவே வந்தார். கிராமத்தார் பளிச்சென்ற வெள்ளை உடையில் இருப்பதும், ஆள் கேட்டுப் போகாமல் முதலில் ஆயுதம் வாங்கப் போவதும் அந்தப் பேச்சுவார்த்தையின் விளைவு. ஸ்டர்ஜஸுக்கு விவசாயியின் இருட்டுப் பக்கம் புரியவில்லை என்று எழுதுவது அதனால் நியாயம் இல்லை. கவசத்தை ஒளித்து வைத்த கிராமத்தை அங்கே அவரால் காட்டியிருக்க முடியாது. அதற்கு ஈடாகத்தான் பயத்தில் சிலர் கொள்ளைத் தலைவன் கால்வேராவை உள்ளே விடுவதும், நிராயுதபாணியாகத் துரத்தப்பட்ட ஏழு பேர் திரும்பி வருவதும் சேர்ந்தது. ஈலை வாலக் நடித்த கால்வேரா சாகும்போது, இப்படி ஓர் ஊருக்கு ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டுக்கொண்டே சாகிறான். அந்தக் கேள்வி ஸ்டர்ஜஸ் படத்தின் சொந்தச் சொத்து. குரோசாவாவின் கொள்ளையருக்குப் பேச்சு மிகக் குறைவு. அவர்கள் கம்பெய் தாளில் போடும் வட்டங்கள், விழ விழ அடிக்கப்படும் வட்டங்கள்.

அதேபோல மறுஆக்கத்தின் தொடக்கத்தில் வரும் சவ வண்டிக் காட்சி. இறந்தவன் செவ்விந்தியன் என்பதால் ஊர் இடுகாட்டில் புதைக்க விடமாட்டோம் என்கிறார்கள். கிறிஸ் வண்டியைத் தானே ஓட்டுகிறான், ஸ்டீவ் மெக்வீன் நடித்த வின் பக்கத்தில் ஏறிக்கொள்கிறான். அதே 1960இல்தான் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் நால்வர் வெள்ளையருக்கான உணவு மேடையில் உட்கார்ந்து போராடினார்கள். மூலத்தில் இதற்கு நேரான இடத்தில் கம்பெய், கடத்தப்பட்ட குழந்தையை மீட்கத் துறவி வேடம் போட வேண்டித் தன் குடுமியைச் சிரைத்துக்கொள்கிறார். சாமுராய்க்கு குடுமி மானம். சுற்றி நிற்பவர்கள் வாயடைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் தன் அந்தஸ்தின் அடையாளத்தைத் துறக்கிறார், மற்றவர் யாருக்கும் அந்தஸ்து வேறுபாடு கூடாது என்று உயிரைப் பணயம் வைக்கிறார். இரண்டு நாடுகளும் தங்கள் தங்கள் காயத்தைத் தொட்டிருக்கின்றன.

மூலம், நகல் என்ற சொற்களையும் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். குரோசாவாவே அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் வெஸ்டர்ன் படங்களின், அதாவது கௌபாய் படங்களின், தீவிர ரசிகர். அமெரிக்காவிலிருந்து போனது ஜப்பானில் உருமாறி அமெரிக்காவுக்கே திரும்பியது. இதையும் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே விவகாரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. குரோசாவாவின் 1961 படமான 'யோஜிம்போ'வை அனுமதி வாங்காமல் 1964இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆக்கியவர் லியோனே. அது வழக்காகி, உலக வசூலில் 15 சதவீதம் ஜப்பானியத் தரப்புக்குப் போனது. ஸ்டர்ஜஸ் படம் முறையாக உரிமை வாங்கி எடுக்கப்பட்டது.

எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்பதும் முக்கியம். 'செவன் சாமுராய்' முழுதாக 207 நிமிடம். வெளிநாடுகளில் வெகுகாலம் ஓடியது வெட்டிச் சுருக்கிய பிரதி. அதன் அமெரிக்க வெளியீட்டுக்கு வைத்த பெயரே 'தி மேக்னிஃபிசென்ட் செவன்'தான், பழைய விமர்சனங்களைப் படிக்கும்போது இதில் குழம்பிவிடாதீர்கள். மறுஆக்கம் 128 நிமிடம். இணையத்தில் கிடைக்கும் துண்டுக் காட்சிகளை வைத்து வேகத்தை ஒப்பிடுவது வீண். குரோசாவா கிராமத்தின் வரைபடத்தையே நம் மனதில் பதித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்கிறார். ஓடை எங்கே, பாலம் எங்கே, தனியாக நிற்கும் மூன்று வீடு எங்கே என்று தெரிந்தவருக்கு மட்டுமே அந்தக் கடைசி மழைச் சண்டை முழுதாகப் புரியும்.

கடைசி வசனம் ஒன்றாக இருப்பதால் முடிவும் ஒன்று என்பது இன்னொரு சறுக்கல். மறுஆக்கத்தில் கிராமத்துக் கிழவர், நீங்கள் வெட்டுக்கிளியை அடித்துப்போகும் காற்று மாதிரி, வந்தீர்கள், போவீர்கள் என்கிறார். கிறிஸும் வின்னும் குதிரையைத் திருப்புகிறார்கள். எல்மர் பெர்ன்ஸ்டைனின் இசை அவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. சிக்கோ மட்டும் திரும்பிவந்து, துப்பாக்கிப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் காதலியின் பக்கத்தில் வேலையில் இறங்குகிறான். அவனால் அது முடியும்.

குரோசாவாவின் முடிவில் நடவு நடக்கிறது. மேளம், குழல், பாட்டு. சண்டைக்கு முந்தைய இரவில் கட்சுஷிரோவோடு இருந்த கிராமத்துப் பெண் ஷினோ நாற்றுக் கட்டோடு வருகிறாள், அவனைப் பார்க்கிறாள், ஒரு கணம் தயங்குகிறாள், பிறகு அவனைத் தாண்டி வயலில் இறங்கி மற்றப் பெண்களோடு குரலைக் கூட்டிப் பாடத் தொடங்குகிறாள். கட்சுஷிரோ அங்கேயே நிற்கிறான். மேட்டில் நான்கு மண்குவியல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வாள். கிராமத்துக்காரர் யாரும் மூவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த மண், நாற்று காத்திருக்காது.