பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் பழகுவது எப்படி

2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி காலிறுதி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 22-வது நிமிட பெனால்டி கார்னரை (கோல் இருக்கும் எல்லைக் கோட்டிலிருந்து சக வீரர் தள்ளிவிடும் பந்தில் கோலுக்கு முயலும் வாய்ப்பு) இந்தியாவின் குர்ஜித் கவுர் டிராக் ஃபிளிக் செய்து, அதாவது பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையோடு ஒட்டி இழுத்துச் சுண்டி, கோலாக்கினார். ஆட்டம் 1-0 என முடிந்தது. இந்தியப் பெண்கள் அணி ஒலிம்பிக் அரையிறுதிக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. "தோள் பலம் வேண்டும், பெண்களுக்கு வராது" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் அதிக கோல் அடித்தவர் நெதர்லாந்தின் ஃபிளிக்கர் யிபி யான்சன், 9 கோல்கள். இந்த அடிக்கு வேகம் கொடுப்பது காலும் இடுப்பும்தான். தோளின் பங்கு கடைசியில், கொஞ்சமே.

ஏன் ஓங்கி அடிக்காமல் ஃபிளிக் செய்கிறார்கள்? பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து கோல் கோட்டை 460 மி.மீ. உயரத்துக்குள் கடக்க வேண்டும். கோலின் அடிப்பலகை உயரம் அவ்வளவுதான். ஃபிளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது. 2.14 மீட்டர் உயரம், 3.66 மீட்டர் அகலம் முழுவதும் உங்களுக்குத் திறந்திருக்கிறது, ஆபத்தான ஷாட் என்று நடுவர் கருதாதவரை.

மட்டையிலிருந்து தொடங்குங்கள். வளைவு கீழே இருக்கும் 'லோ போ' மட்டைதான் இதற்குச் சரி. விதிப்படி வளைவு 25 மி.மீ. தாண்டக்கூடாது. பந்து அந்தக் குழிவில் உட்கார்ந்து உருண்டுவரும். நேரான மட்டையிலும் பழகலாம். ஆனால் பந்து அடிக்கடி நழுவும், தப்பு உங்களுடையதா மட்டையுடையதா என்று பிரித்தறிய முடியாது. நீளமான மட்டை அதிக வேகம் தரும் என்று 38 அங்குலம் வாங்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும்போது மட்டை இடுப்பெலும்பைத் தாண்டிப் போனால், குனியும்போது இடது கை வயிற்றில் இடிக்கும்.

இனி கால்வைப்பு. பந்துக்கு மூன்று நான்கு மீட்டர் பின்னாலிருந்து, இடது தோள் கோலைப் பார்க்க, பக்கவாட்டில் ஓடி வாருங்கள். இடது கால் பந்தருகே விழும். வலது கால் அதற்குப் பின்னால் குறுக்கே போகும். மட்டை பந்தைத் தொடுவது இந்த நேரத்தில்தான், பந்து வலது காலுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ இருக்கும்போது. அடுத்து இடது காலை நீளமாக எட்டி வையுங்கள். முழு அடியின் உயிரும் இந்த ஒரு எட்டில் இருக்கிறது. எட்டு குறுகினால் பந்தை இழுக்கும் தூரம் குறையும். தூரம் குறைந்தால் வேகம் எங்கிருந்து வரும்?

இடது கை மட்டையின் உச்சியில், வலது கை பிடியின் கீழ்முனையில். மட்டை தரைக்குத் தாழ்வாக, அதன் தட்டைப் பக்கம் பந்தின்மேல் லேசாக மூடியபடி இருக்கட்டும். பந்து முதலில் தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டும், இழுக்க இழுக்கத் தலைப்பகுதிக்கு உருண்டு வரும், இடது காலைத் தாண்டியதும் மணிக்கட்டு திரும்பி விடுபடும். திரும்பும் வரிசை: இடுப்பு, தோள், கை, கடைசியில் மணிக்கட்டு. தோள் முந்திக்கொண்டால் பந்து கோலுக்குப் போகும், ஆனால் கோல்கீப்பர் அதைச் சாவகாசமாகத் தடுத்துவிடுவார்.

பிழைகளைப் பந்து போகும் திசையே சொல்லிவிடும். வலப்பக்கம் விலகினால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள்; இடப்பக்கம் போனால் தாமதம். கம்பத்துக்கு மேலே பறந்தால், பெரும்பாலும் உடல் எடை வலது காலிலேயே தங்கியிருக்கும். பாதி வழியில் பந்து மட்டைக்கு மேல் ஏறிக் குதித்தால், மட்டையை மிக மெதுவாகச் சேர்க்காமல் பந்தை இடித்திருக்கிறீர்கள். மண் மைதானத்தில் பழகுபவர்களுக்கு இந்தக் குதிப்பு தீராது. ஓரமாக ஒரு வழுவழுப்பான சிமென்ட் தளம் இருந்தால் அங்கே இழுப்பை மட்டும் பழகுங்கள். மட்டையின் அடியில் டேப் சுற்றாவிட்டால் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். நின்ற இடத்தில் கால்களை அகட்டி, பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றிப் பந்தை இழுத்து விடுங்கள். பிறகு குறுக்கு எட்டைச் சேர்க்கலாம், அதன்பின் ஓட்டம், கடைசியாகவே உருண்டு வரும் பந்து. கோலின் நான்கு மூலையிலும் பழைய சைக்கிள் டயர்களைக் கட்டித் தொங்கவிட்டால் நல்ல இலக்கு.

ஆட்டத்தில் நீங்கள் தனியாள் இல்லை. பின்கோட்டில் (கோல் இருக்கும் எல்லைக் கோடு) பந்தைத் தள்ளுபவர் அருகிலுள்ள கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, ஒரு காலாவது மைதானத்துக்கு வெளியே இருக்க நின்று தள்ளுவார். பந்து வட்டத்துக்கு (கோலைச் சூழ்ந்த வளைகோட்டுப் பகுதி) வெளியே போன பிறகே கோல் அடிக்கலாம். வரும் பந்தை உங்களுக்காக நிறுத்தும் சக வீரர் அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு முழத்துக்குள் நிறுத்தினால், இழுக்கும்போதே நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள். பந்து நின்றபின் ஓடத் தொடங்காதீர்கள். தள்ளுபவரின் மட்டையை விட்டுப் பந்து கிளம்பும்போதே முதல் எட்டு. எதிரணியில் கோல்கீப்பரோடு ஐந்து பேர்தான் பின்கோட்டில் நிற்க முடியும். அவர்களில் ஒருவர் உங்களை நோக்கியே பாய்ந்து வருவார். ஐந்து மீட்டருக்குள் வந்துவிட்ட அவருக்கு உங்கள் முதல் ஷாட் முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு கார்னர் உங்களுக்கு. இயல்பாக நிற்கையில் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் ஷாட் ஆபத்தானது. ஃப்ரீ ஹிட் அவர்களுக்கு. அதனால் ஓடிவருபவர் நேர்க்கோட்டில் இருந்தால் உயர்த்தாதீர்கள், தாழ்வாக விடுங்கள், அல்லது நிறுத்தியவருக்கே பந்தை நகர்த்துங்கள்.

முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்காலை மடக்காமல் இடுப்பில் குனிந்து சுழற்றினால் கீழ்முதுகு தேயும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே எலும்புக் கீறல்கூட வரலாம். பதினாறு வயது வரை ஒரு நாளைக்கு 30 ஃபிளிக், வாரம் மூன்று நாள் போதும். தொடை உள்பக்கத்தையும் இடுப்பையும் சூடேற்றாமல் முதல் பந்தைத் தொட வேண்டாம். ஒரே பக்கம் வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் தைலம் தேய்த்துத் தொடராமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.