வெளிச்சுவரில் சாக்கெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களும் சரி, வீடியோ பார்த்துவிட்டுத் தாங்களே ஸ்க்ரூடிரைவரைத் தூக்கும் வீட்டுக்காரர்களும் சரி, வெளிச் சாக்கெட்டில் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மெயினை அணைக்காமல் கை வைப்பது, ஜாயின்ட்டை டேப் சுற்றி மழையில் விடுவது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

நியூட்ரலை எர்த் பின்னில் சேர்ப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. போர்டிகோ லைட்டுக்குப் போகும் பைப்பிலிருந்து பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் ஒயர்) இழுத்து வெளியே ஒரு சாக்கெட் போடுவார்கள். அந்தப் பைப்பில் பச்சை ஒயர், அதாவது கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த், இருக்காது. டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) எர்த் கொண்டுவர வேண்டுமென்றால் சுவரை வெட்ட வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குப் பின்னாலேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் பின்னில் முடுக்கி மூடிவிடுவார்கள். கேட்டால், "ரெண்டும் ட்ரான்ஸ்பார்மர்ல ஒண்ணாத்தானே சேருது?" என்று பதில் வேறு.

அங்கே சேர்வது உண்மைதான். ஆனால் வழியில் எங்காவது ஒரு ஜாயின்ட்டில் நியூட்ரல் விட்டுப்போனால்? அந்தச் சாக்கெட்டில் செருகிய மெஷின் நின்றுவிடும். பேஸ் மோட்டார் காயில் வழியாக நியூட்ரல் பக்கம் வந்து, அந்தத் துண்டு ஒயரில் ஏறி, மெஷினின் இரும்பு உடம்பில் 230 வோல்ட்டாக நிற்கும். ஒரு வீட்டில், பின்கட்டில் வைத்திருந்த வாஷிங் மெஷின் இப்படித்தான் பாதியில் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, அந்த வீட்டு அம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று துணியை எடுக்கப் போனார். டிபியில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) இருந்ததால், சுருக்கென்று அடித்ததும் ட்ரிப் ஆகி உயிர் தப்பியது. அது இல்லாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

இன்னொன்று, டெஸ்ட் லாம்ப்பை நம்பி ஏமாறாதீர்கள். பேஸுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே லாம்ப் வைத்தால் இந்தப் போலி எர்த்திலும் பளிச்சென்றுதான் எரியும். ஆர்சிசிபி உள்ள லைனில் 100 வாட் குண்டு பல்பை வைத்தால் உண்மை தெரிந்துவிடும்: எர்த் நிஜமென்றால் உடனே ட்ரிப் ஆக வேண்டும், ஆகாமல் பல்பு நின்று எரிந்தால் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையை வயர்மேன் மட்டும் செய்யட்டும். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டன் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டுமே சொல்லும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

மூடியை நம்புவது

பெட்டியில் ஐபி55, ஐபி66 என்று (தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்) போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள், சரி. ஆனால் பல பெட்டிகளில் அந்த எண் மூடி மூடியிருக்கும்போதுதான் செல்லும். பிளக்கைச் செருகியதும் மூடி திறந்தே நிற்கும் என்றால் ஐப்பசி மழைக்கு அது வெறும் சாக்கெட்தான். பிளக் உள்ளே இருக்கும்போதே மூடக்கூடிய ஆழமான பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேபிள் ஓட்டை

கீழ்ப்பக்கம், கிளாண்டோடு (கேபிளைச் சுற்றி இறுக்கி ஓட்டையை அடைக்கும் வளையம்). மேலே ஓட்டை போடாதீர்கள்.

உயரம்

தெருவில் தண்ணீர் நின்ற வருடத்தில் சுவரில் பதிந்த கறை எதுவரை இருக்கிறதோ, அதற்கு நன்றாக மேலே.

16 ஆம்பியருக்கு மெல்லிய ஒயர்

லைட்டுக்குப் போட்ட ஒயரிலிருந்து 16 ஆம்பியர் சாக்கெட் எடுக்காதீர்கள். டிபியிலிருந்து தனி லைன், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்), கூடவே பச்சை ஒயர்.

நாமே போட்டுக்கொள்வது

கெட்டுப்போன சுவிட்சை மாற்றுவது வேறு, புதிதாக ஒரு லைன் இழுப்பது வேறு. புதிய லைன் என்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். கூலியைப் பேசும்போதே எர்த் ஒயர் டிபியிலிருந்து வருமா என்று கேளுங்கள், சாக்கெட்டை மூடும் முன் திறந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.