ஏரேட்டர் வாங்கும் முன் ஃபிளஷ் டேங்கைத் திறந்து பாருங்கள்

கோடை வந்தால் எங்கள் அடுக்ககத்தில் யாராவது ஒருவர் புதிதாகத் தண்ணீர்ச் சிக்கனத்தில் இறங்கிவிடுவார். 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த சமயத்தில் இங்கே எல்லோரும் அடித்த அதே கூத்தைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள். பல் தேய்க்கும்போது குழாயை மூடுவது, மோட்டாரை மறக்காமல் நிறுத்துவது எல்லாம் தெரிந்த கதை, விடுங்கள்.

சத்தமில்லாத ஒழுக்கு

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். சமையலறைக் குழாய் சொட்டினால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுகிறவர்கள், வெஸ்டர்ன் டாய்லெட்டில் பீங்கானை ஒட்டி மெல்லிய இழையாக இரவும் பகலும் இறங்கும் தண்ணீரைக் கண்டுகொள்வதே இல்லை, ஏனென்றால் தரை நனைவதில்லை, காதிலும் விழுவதில்லை. ஒழுக்கு கொஞ்சம் பெரிதானால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் போய்விடும். ஒரு வீட்டில் துணி அலசிய தண்ணீரைக்கூட வாளி வாளியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள், ஆனால் இரண்டு பாத்ரூமிலும் டேங்க் ஒழுகிக்கொண்டிருந்தது. பீங்கானில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது, ஆசிட் ஊற்றியும் போகமாட்டேன் என்கிறது என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். அந்தக் கோடு போட்டதே ஒழுகும் தண்ணீர்தான்!

டேங்க் மூடியைத் திறந்து சொட்டு நீலம் கொஞ்சம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக்கூடாது. கீழே நீலம் தெரிந்தால் ஒழுக்கு உறுதி. உள்ளே தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்வரை ஏறி வழிந்தால் மிதவை வால்வு சரியாக மூடவில்லை. மட்டம் அதற்குக் கீழே இருந்தும் நீலம் இறங்கினால் டேங்கின் அடியை அடைத்திருக்கும் ரப்பர் வாஷர்தான் காரணம். போர் தண்ணீர் வரும் வீடுகளில் பெரும்பாலும் உப்பு படிந்து ரப்பர் விறைத்திருக்கும். பிளம்பர் முழு செட்டையும் மாற்றலாம் என்பார். முதலில் வாஷரைக் கழற்றித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் வரும்வரை டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வாளியில் ஊற்றிச் சமாளியுங்கள்.

டேங்குக்குள் செங்கல்

ஃபிளஷுக்குப் போகும் தண்ணீரைக் குறைக்கச் செங்கல் வைக்கிறார்கள். வேண்டாம். கரைந்து வாஷரில் உட்காரும், அப்புறம் மேலே சொன்ன கதைதான். தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில் போதும்.

வாளி நிரப்பும் குழாயில் ஏரேட்டர்

ஏரேட்டர் என்பது குழாய் வாயில் மாட்டும் சின்ன வலை, தண்ணீரில் காற்றைக் கலந்து வரத்தைக் குறைக்கும். வாளி பிடிக்கும் அளவு மாறாது, நிரம்ப நேரம்தான் கூடும். குழாயைத் திறந்துவிட்டபடி பாத்திரம் கழுவும் சிங்க்கில் மாட்டுங்கள்.

ஆர்.ஓ. கழிவு நீர் துளசிக்கு

தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு சேரும். தரை துடைக்கலாம், டாய்லெட்டுக்கு ஊற்றலாம். உப்பே இல்லாத நல்ல தண்ணீர் வரும் வீட்டில் அந்த மெஷின் எதற்கு என்று கேட்டால்தான் சண்டைக்கு வருகிறார்கள்.