கை நடுங்கும்போது காபி, தோள் வலிக்கும்போது வெந்நீர்ப் பை

எனக்குப் பார்க்கின்சன், கை நடுங்கி உடம்பு இறுகும் நரம்பு நோய். வலது கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம் ஆடும்; பதறினால் இன்னும் மோசம். காபியைக் கனமான குவளையில் பாதி மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரு கைகளாலும் பிடித்துக் குடியுங்கள். டபரா வேண்டவே வேண்டாம், அது தாளம் போடும்.

இந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுகிறேன். பருப்பு, முட்டை, பாலில் உள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். குமட்டினால் ஒரு பிஸ்கட், சரி. நேரம் தவறினால் நடுக்கத்தோடு தோளும் இறுகி வலிக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆபத்து.

தோளுக்கு வெந்நீர்ப் பையைத் துண்டு சுற்றி 15 நிமிடம் வையுங்கள். அப்புறம் விரல்களைச் சுவரில் வைத்து மெல்ல மெல்ல மேலே நகர்த்துங்கள். மனைவி தைலமும் தேய்ப்பாள், வாசனைக்காகவே சம்மதிக்கிறேன். வலி தினமும் வந்தால், மாத்திரை போட்ட நேரத்தையும் வலித்த நேரத்தையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.