டோசர் டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் கசிவு: இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்க

டோசருக்கு அடியில் ஆயில் சொட்டினதும் "கன்வெர்ட்டர் போச்சு" (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர் பக்கம் கடத்தும் பாகம்) என்று, அதை இறக்கக் கிரேனுக்குச் சொல்லிவிடுவது நம் பக்கம் சகஜம். பாதிக்கு மேல் அவசியமில்லாத வேலை அது. ஒரு ஓ-ரிங் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), ஒரு ஓஸ், மண் அடைத்த பிரீத்தர் (உள் காற்று வெளியேறும் மூடி), இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கலாம். எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகும் வரை ஸ்பேனர் எடுக்க வேண்டாம்.

இங்கே சொல்வது, கன்வெர்ட்டர் இன்ஜினுக்குப் பின்னால் இருந்து, யுனிவர்சல் ஜாயின்ட் (இரண்டையும் இணைத்துச் சுழலும் மூட்டு) வழியாக டிரான்ஸ்மிஷனுக்கு (கியர் பெட்டி) விசை போகும் கொமட்சு, பி.இ.எம்.எல். வகை டோசர்களுக்கு. கன்வெர்ட்டருக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் ஒரே ஆயில்தான்.

முதலில் பாதுகாப்பு

சமதளத்தில் நிறுத்தி, பிளேடையும் ரிப்பரையும் (பின்னால் தரையைக் கீறும் கொக்கி) தரையில் இறக்கி, லிவர்களை லாக் போட்டு, பேட்டரி சுவிட்சை அணையுங்கள். ஓடி நின்ற ஆயில் 80–90 டிகிரி சூட்டில் இருக்கும், ஆறட்டும். அடித்தட்டைக் கழற்றும்போது ஜாக்கி முட்டுக் கொடுங்கள். உள்ளே சேர்ந்த மண்ணும் ஆயில் சேறும் அதன் எடையை ஏகத்துக்கும் கூட்டியிருக்கும், கையால் தாங்க நினைக்காதீர்கள்.

எந்த ஆயில்?

சொட்டை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். கரி கலந்த கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். அப்போது இன்ஜினின் கிராங்க் பின்பக்க சீலை (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) பார்க்கணும். தேன் நிறம் என்றால் கன்வெர்ட்டர் பக்கம். பிளேடைத் தூக்கும் ஹைட்ராலிக்கிலும் அதே கிரேடு ஆயில் ஊற்றியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. ஹைட்ராலிக், டிரான்ஸ்மிஷன் இரண்டின் ஆயில் அளவையும் குறித்து வைத்து, எது இறங்குகிறது என்று மறுநாள் பாருங்கள். டிரான்ஸ்மிஷன் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலை ஆறவைக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் கிளட்ச் பிளேட்டுகள் ஊறிப் போகும்.

கழுவி, பவுடர் தூவி, ஓட்டுங்கள்

டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, காற்றடித்துக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். கோலமாவு வேண்டாம், அது கல்தூள். சீலுக்குள் போனால் அரைத்துவிடும். 15–20 நிமிடம் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஆயில் கீழே வழியும், காற்றில் பக்கத்திலும் பரவும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரத்தின் உச்சிப் புள்ளியைத் தேடுங்கள்.

ஓஸ் முனையில் என்றால் ஓ-ரிங்கை எடுத்து வளைத்துப் பாருங்கள். சூட்டில் கெட்டிப்பட்டு வெடித்திருக்கும். ஓஸே போயிருந்தால், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஓஸ் முனையை அழுத்திப் பொருத்தும் (கிரிம்ப்) கடைகளில் அதே பிரஷர் அளவில் செய்துகொள்ளலாம்.

யுனிவர்சல் ஜாயின்ட்டைச் சுற்றி வட்டமாக ஆயில் தெறித்திருந்தால், கன்வெர்ட்டரிலிருந்து விசை வெளியேறும் தண்டின் (அவுட்புட் ஷாஃப்ட்) சீல் கசிகிறது.

பிரீத்தர் வழியாக ஆயில் பொங்குகிறதா? கொஞ்சம் ஆயில் கன்வெர்ட்டர் கேஸுக்குள் கசிவது இந்த அமைப்பில் இயல்பு. ஸ்கேவஞ்சிங் பம்ப் அதை உறிஞ்சித் திருப்பி அனுப்பும். அதன் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டும் வலை) அடைத்தால் கேஸ் நிரம்பி, கன்வெர்ட்டர் ஆயிலைக் கடையும். நுரைக்கும், சூடேறும், இழுவை குறையும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான். ஸ்ட்ரெய்னரைக் கழுவினாலே பல நேரம் சரியாகிவிடும்.

அவுட்புட் சீல் மாற்றுவது

பிரீத்தரை முதலில் கழற்றி டீசலில் கழுவுங்கள். க.பரமத்தி, கிணத்துக்கடவு குவாரித் தூசியில் அது அடைவது சுலபம். உள் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். பிரீத்தரை விட்டுவிட்டுப் புது சீல் போட்டால் அதுவும் கசியும்.

ஆயிலை வடித்து, ஜாயின்ட்டில் பஞ்ச் அடையாளம் போட்டு, கீழே முட்டுக் கொடுத்து இறக்குங்கள். ஷாஃப்ட் முனையில் ஜாயின்ட் பூட்டும் கப்ளிங்கை உருவுமுன் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை.

கப்ளிங்கில் சீல் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேத் பட்டறையில் ஸ்லீவ் ஏற்றுங்கள், அல்லது கப்ளிங்கை மாற்றுங்கள். எமரி தாளை நீளவாக்கில் தேய்க்காதீர்கள். அந்தக் கோடுகளே ஆயிலை வெளியே இழுக்கும்.

பழைய சீலின் ஆழத்தை அளந்துவிட்டு எடுங்கள். புது சீலின் ஸ்பிரிங் உள்ள உதடு ஆயில் பக்கம் பார்க்கணும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவட்டத்தில் உட்காரும் குழாய்த் துண்டை வைத்துச் சமமாக இறக்குங்கள். சுத்தியல் நேராகப் பட்டால் சீல் கோணும். ஓ-ரிங் உள்ள இடத்தில் சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம்; பிதுங்கியது ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும்.

கொமட்சு பொது அட்டவணைப்படி 10 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 6.7, 12 மி.மீ.க்கு 11.5 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு. உங்கள் மாடல் கையேட்டில் தனி அளவு இருந்தால் அதுவே செல்லும்.

எப்போது இறக்கியே ஆகணும்?

ஸ்ட்ரெய்னரில் அலுமினியத் துகள் மின்னினால் உள்ளே இறக்கைகள் உரசுகின்றன; உடனே நிறுத்துங்கள். ஆயில் அளவு, கூலர், ஸ்ட்ரெய்னர் எல்லாம் சரியாக இருந்தும் கன்வெர்ட்டர் பிரஷர் குறைந்து, சூட்டு முள் சிவப்புக்குப் போனால் உள் சீல் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். சித்திரை வெயில் என்று சமாதானம் சொல்லி ஓட்டாதீர்கள். இறக்கினால் எல்லா சீல் ரிங், ஓ-ரிங்குகளையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கிரேன் வாடகையை இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்காது.